ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது? (டொல்பின் வான், 3எல் எஞ்சின்)

18 யூலை 2023, ஒரு வாசகர் கேட்டது

முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு ஹயர் ஓடுகிறேன். டொல்பின் ஹயஸ் (ரொயோட்டாவின் பழைய வான்), 3எல் என்கிற டீசல் எஞ்சின். இரண்டு நாளைக்கு அரை லீற்றர் ரேடியேற்றர் தண்ணீர் குறைகிறது. நிறுத்தி வைத்தால் கீழே ஒரு சொட்டும் இல்லை. ஒட்டுசுட்டான் தாண்டினால் சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேலே ஏறுகிறது. ஒரு கராச்சில் தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேற்றருக்கு விடுகிற வாசல்) கழற்றி எறிந்துவிட்டார்கள், நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லையாம். இன்னொரு கராச்சில் ஹெட் காஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குக் காசு இப்போது கையில் இல்லை. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றுவதாக ஒப்புக்கொண்டும் விட்டேன். என்ன செய்யலாம்?

18 யூலை, இரவு

ஹெட்டில் கை வைக்க வேண்டாம் தம்பி. இப்போதைக்கு வேண்டாம். அரை லீற்றர் தண்ணீர் காணாமல் போகிறது என்றால் அது எங்கோ ஓர் இடத்தால் போகிறது. அந்த இடத்தைக் காட்டாமல் ஹெட்டை இறக்கச் சொல்கிறவர் ஊகத்தில் பேசுகிறார்.

நான் மெக்கானிக் இல்லை. இருபத்தேழு வருடமாக இந்த வீதிகளில் ஓடுகிற சாரதி. அதற்கு முன் புதுக்குடியிருப்பில் ஒரு கராச்சில் இரண்டு வருடம் கையாளாக நின்றேன். என் வானும் டொல்பின்தான், அதே எஞ்சின். 2010இல் நானும் உங்களைப் போலத்தான் ஊற்றிக்கொண்டே ஓடினேன். காலையில் ஒரு போத்தல், பின்னேரம் ஒரு போத்தல். பழைய வாகனம், குடிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

விசுவமடுவுக்கு இந்தப் பக்கம், வீதி கிரவலும் கிடங்குமாகக் கிடந்த காலம், பதினான்கு பேரோடு கொதித்து நின்றது. முள்ளைப் பார்த்தேன், அது கீழே இறங்கியிருந்தது. ஆறிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் உள்ளே தண்ணீரே இல்லை. சூட்டை உணர்கிற சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் முள் சரியாகக் காட்டும். வெறும் ஆவியில் தொங்கினால் அது பொய் சொல்லும். எனக்கு அது தெரியாது. வாய்க்காலில் ஒரு வாளி அள்ளி ஊற்றினேன். உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம், பல்லி சொன்னதுபோல. அவ்வளவுதான். ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது.

2020இல் நின்ற வான் இறக்குமதி இந்த 2023 யூலையிலும் திறக்கவில்லை. இருக்கிற எஞ்சினைத்தான் காப்பாற்ற வேண்டும். காலையில் எழும்பி, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து, மூடியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அதிலிருந்து தொடங்குவோம்.

19 யூலை

படம் பார்த்தேன். மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முழு ஒழுங்கிலும் விலை குறைந்த சாமான் அதுதான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் மூடியின் தலையில் 0.9 என்று இருக்கிறது. சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரும்வரை அது அடைத்துப் பிடிக்கும் என்று பொருள். திறந்த பானையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். அந்த அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 118 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் (ரேடியேற்றர் தண்ணீரோடு சேர்க்கிற திரவம்) கலந்திருந்தால் இன்னும் மேலே. மூடி தளர்ந்தால் இந்தப் பதினெட்டுப் பாகையும் கையை விட்டுப் போகிறது.

அடியில் இருக்கிற கறுப்பு ரப்பர் வளையத்தைப் பாருங்கள். ரேடியேற்றர் வாயின் விளிம்பு அழுத்தி அழுத்தி அதில் ஒரு வட்டக் குழி விழுந்திருக்கிறது. நகத்தால் தடவினால் குழி தட்டுப்படும். ஓரிடத்தில் வெடிப்பும் தெரிகிறது. நடுவில் சல்லிக்காசைவிடச் சிறிய ஒரு தட்டு இருக்கும், அதை நகத்தால் மெல்ல இழுத்துவிட்டால் "டக்" என்று திரும்ப ஒட்ட வேண்டும். அது வாகனம் ஆறும்போது, மிகைத் தண்ணீர் போய் நிற்கிற பக்கத்துப் போத்தலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே எடுக்கிற வாசல். அது பிடித்துக்கொண்டால், ஆறிய பிறகு மேல் ஹோஸ் உறிஞ்சின பைபோலச் சப்பிக் கிடக்கும். உங்கள் ஹோஸ் காலையில் எப்படி இருக்கிறது?

மூடியை மாற்றுங்கள். 0.9 இருந்த இடத்தில் 0.9தான். 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று கடையில் சொல்வார்கள், கேட்க வேண்டாம். பழைய ஹோசும் பழைய ரேடியேற்றரும் அந்த மேலதிக அழுத்தத்தைத் தாங்குமென்று நம்ப முடியாது.

19 யூலை, பின்னேரம்

காலையில் எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. சாக்கைப் போட்டு மெல்லத் திறக்கலாம் என்பதையும் நம்ப வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி, எல்லாரும் தேங்காய் உடைக்கப் போன நேரத்தில் என் மச்சான் சாக்கைப் போட்டுத்தான் திறந்தார். சாக்கோடு சேர்ந்து கையும் வெந்தது. முழங்கை வரை தோல் உரிந்து, இப்போதும் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. மூடி அடைத்து வைத்திருக்கிற 110 பாகைத் தண்ணீர், அழுத்தம் விட்ட அந்தக் கணமே ஆவியாகச் சீறும். அரை மணி, முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். மேல் ஹோசை உள்ளங்கையால் பிடித்தபடி நிற்க முடிந்தால்தான் மூடியில் கை வைக்கலாம்.

21 யூலை

தேர்மோஸ்டாட். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

வன்னியில் பாதி வாகனத்தில் அது இல்லை. "குளிர் நாட்டுக்காரர் போட்டது, நமக்கு எதற்கு" என்று கழற்றி வீசுகிறார்கள். வெளியே 35 பாகை இருந்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான் தம்பி, அதற்கு 80, 90 பாகை வேண்டும். அந்தச் சூட்டுக்கு வராத எஞ்சினில் டீசல் முழுதாக எரியாது. எண்ணெய் சீக்கிரம் கெடும், சிலிண்டர் தேயும், குடிப்பும் கூடும். கியூஆர் குறியைக் காட்டிக் கோட்டாவில் அளந்து டீசல் அடிக்கிற இந்த 2023இல் இந்தக் குடிப்பு யாருக்கு வேண்டும்?

எனக்கு இது புத்தகத்தில் தெரிந்ததில்லை. தொண்ணூறுகளில், போரால் வன்னிக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒஸ்டின், மொறிஸ் எல்லாம். கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, புகைத்துக்கொண்டு நிற்கும். மார்கழி மழையில் எஞ்சின் சூடு பிடிக்காது, அப்போது ரேடியேற்றருக்கு முன்னால் காட்போட் மட்டையைச் செருகி வைப்போம். கராச்சில் என் வேலையே அந்த மட்டையை அளவுக்கு வெட்டுவது. எஞ்சினுக்குச் சூடு எவ்வளவு தேவை என்று அப்போதே கைக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. உங்கள் பழைய தேர்மோஸ்டாட்டை எடுத்துப் பாருங்கள் (எறிந்த இடத்தில் கிடந்தால்). கீழ்ப்பக்கம் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கிறதா? இருந்தால், மேல் வாசல் திறக்கும்போது அந்தத் தட்டு போய்க் குறுக்கு வழியை அடைக்கும். அப்போதுதான் தண்ணீர் முழுவதும் ரேடியேற்றருக்குப் போகும். கழற்றி எறிந்தால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேற்றரைக் காணாமலே திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் சுற்றும். குளிரட்டும் என்று கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

புதிது வாங்கினால் பூட்டுமுன் அடுப்பில் சோதியுங்கள். சட்டியில் தண்ணீர் வைத்து, தேர்மோஸ்டாட்டின் வாசல் இடுக்கில் ஒரு தையல் நூலைச் செருகி, அந்த நூலாலேயே சட்டிக்குள் தொங்கவிடுங்கள். அடியில் முட்டக்கூடாது. தண்ணீர் சூடேறும். சட்டியின் அடியில் கடுகுபோலக் குமிழ் ஒட்டும், பிறகு ஆவி பறக்கும். வாசல் திறக்கிற கணத்தில் நூல் விட்டு அது "டொக்" என்று சட்டிக்குள் விழும். என்னுடையதில் 82 என்று பொறித்திருக்கிறது, ஏறக்குறைய அந்த இடத்தில்தான் விழுந்தது. 95இல் நன்றாக, ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குக் கிட்டத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் கொதித்துப் புரண்டும் விழவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பூட்டும்போது தேர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஆடுகிற சின்ன ஆணி மேலே இருக்க வேண்டும், காற்று அதனால்தான் வெளியேறும்.

22 யூலை

மல்லாவி அண்ணை ஒருவர், பத்து வருடமாகத் தேர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறார். அண்ணை, உங்கள் லொறி பழைய வகை. இரண்டாவது தட்டு இல்லாத தேர்மோஸ்டாட் என்றால் நான் நேற்றுச் சொன்ன குறுக்கு வழிச் சிக்கல் அதில் வராது, சூடேறாமல் ஓடும். அதை நான் பிரித்துச் சொல்லாதது பிழை. ஆனால் எண்ணெயும் தேய்மானமும் பற்றிச் சொன்னது உங்கள் லொறிக்கும் பொருந்தும்.

25 யூலை

தம்பி புது மூடியும் தேர்மோஸ்டாட்டும் போட்டாயிற்று. முள் இறங்கிவிட்டது, தண்ணீர் மட்டும் இன்னும் குறைகிறது என்கிறார். நல்லது. இரண்டு நோயில் ஒன்று தீர்ந்தது.

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீராம். உங்கள் வீட்டுக் கேத்திலின் உள்ளே பாருங்கள் தம்பி. வெள்ளையாக, முட்டைக்கோது மாதிரிப் படிந்திருக்கும். சுரண்டினால் செதிலாக வரும். எஞ்சினுக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது, உங்களுக்குத் தெரிவதில்லை. அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு போர்வை போர்த்தியது மாதிரி. ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் ஒவ்வொன்றாக அடைபடும். இரண்டு நாளைக்கு அரை லீற்றர் ஊற்றுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுண்ணாம்பு போய்ச் சேருகிறது. ஒருமுறை ஊற்றியதோடு நின்றால் படிகிறது கொஞ்சம்தான். ஒழுக்கைக் கண்டுபிடி என்று நான் கரைச்சல் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடித்த தண்ணீர் வாங்கிக் கூலன்டோடு பாதிக்குப் பாதி. பற்றறிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் சரி, ஆனால் போத்தலை வாசித்து வாங்குங்கள், அசிட் போத்தலும் அதே அலுமாரியில்தான் இருக்கும். அவசரத்துக்கு மழைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட மேல். கடல் பக்கத்துக் கிணறு வேண்டவே வேண்டாம், உப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கூலன்டின் நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, றோஸ் எல்லாம் கம்பனிக்குக் கம்பனி மாறும். இரண்டு வகையைக் கலந்தால் சிலவேளை கூழாகிவிடும். எனக்கு ஒரு கடையில் விற்றது வெறும் சாயத் தண்ணீர். ஒரு வருடத்தில் உள்ளே துரு பிடித்து, வடிக்கும்போது தேயிலைச் சாயம்போல ஊற்றியது. அதிலிருந்து போத்தலில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

29 யூலை

ஹெட் காஸ்கெட்டா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்கிற முறை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து, ரேடியேற்றரை வாய் வரை நிரப்பி, ஸ்டார்ட் பண்ணுங்கள். வாய்க்குள் குமிழ் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் தள்ளுகிறது. எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள், பால்தேநீர் நிறம் இருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது. மூடி பூட்டிக் குளிர ஸ்டார்ட் பண்ணிய ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லுப்போல இறுகினாலும் அதே சந்தேகம்தான், ஏனென்றால் தண்ணீர் சூடேறி அழுத்தம் வர அவ்வளவு சீக்கிரம் முடியாது.

30 யூலை

தம்பி விடியப்புறமே போன் எடுத்துவிட்டார். குமிழ் வருகிறதாம், அழுகிற குரல். அவசரப்பட்டு எழுதிவிட்டேன், என் பிழை. நாலு நாளைக்கு முன்தான் தண்ணீர் முழுவதையும் வடித்துப் புதிதாக நிரப்பினார். உள்ளே பிடிபட்ட காற்றும் குமிழாகத்தான் வரும். முதலில் காற்றை எடுக்க வேண்டும், அதன் பிறகும் நிற்காத குமிழுக்குத்தான் பயப்பட வேண்டும்.

காற்றெடுக்க வாகனத்தின் மூக்கை மேலே உயர்த்தி நிறுத்த வேண்டும். வன்னியில் மேட்டுக்கு எங்கே போவது? நான் வழக்கமாக முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறுகிற சரிவில் நிறுத்துவேன். பின்சில்லுக்குக் கல் வைத்து, மூடியைத் திறந்து, ஹீட்டரின் பிடியைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் தள்ளி, சும்மா ஓடவிட வேண்டும். ஹோசைக் கையால் பிசைந்துகொடுத்தால் "களுக் களுக்" என்று காற்று வந்து மட்டம் இறங்கும். ஊற்றி ஊற்றி நிரப்ப வேண்டும். தேர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று ஒரு கோப்பை இறங்கும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம். குளத்துக் காற்று நன்றாக இருக்கும், ஒரு தேத்தண்ணீர் கொண்டுபோங்கள்.

31 யூலை

குமிழ் நின்றுவிட்டது. எண்ணெய் சுத்தம். ஹெட் காஸ்கெட் இல்லை.

5 ஓகஸ்ட்

துணுக்காயிலிருந்து ஒருவர் தன் கன்ரர் லொறி நெல் ஏற்றும்போது மட்டும் சூடேறுகிறது என்று கேட்டிருக்கிறார். இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் உதவும்.

நிற்கும்போதும் ஊரும்போதும் சூடேறி, வீதியில் ஓடத் தொடங்கினால் இறங்குகிறதா? அப்படியானால் காற்றுக் குறை. ஃபேனையும் பெல்ட்டையும் பாருங்கள். போன வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஏற்றிப்போன இரவு, வாகன வரிசை ஊர்ந்த இரண்டு மணி நேரமும் என் முள் ஏறிக்கொண்டே போனது. ஃபேனின் நடுவில் இருக்கிற கிளச் போயிருந்தது. சூடான எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுழற்றினேன். காற்றாடிபோலச் சுற்றிக்கொண்டே இருந்தது. சூட்டில் அது இறுக்கமாக, தேனுக்குள் கரண்டி போல அசைய வேண்டும். உள்ளே இருக்கிற சிலிக்கோன் எண்ணெய் ஒழுகிப் போயிருந்தது, சுற்றிவரக் கறுப்புப் பிசுக்கு.

மாறாக, ஓடும்போது, பாரம் ஏற்றும்போது சூடேறி, நிறுத்தி வைத்தால் இறங்குகிறதென்றால் ரேடியேற்றரால் தண்ணீரோ காற்றோ போதுமானளவு போகவில்லை. உங்களுடையது இந்த வகை. சிறுபோக வெட்டு நடக்கிற நேரம். வயலுக்குள்ளும், நெல் காயப்போட்ட வீதியிலும் ஓடுகிறீர்கள். ரேடியேற்றரின் முன்பக்கத்தில் பதரும் வைக்கோல் தூசும் கம்பளிபோல ஒட்டியிருக்கும். சோளகக் காற்றில் வருகிற செம்மண் தூசு அதில் போய் அப்பும். முன்னால் ஏசி கொண்டென்சர் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் அடைந்துகிடப்பது வெளியே தெரியவே தெரியாது. ரோச் லைற்றை எஞ்சின் பக்கமிருந்து அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடம் அடைபட்ட இடம்.

தண்ணீர் அடிக்கும்போது எஞ்சின் பக்கமிருந்து வெளியே அடியுங்கள், வந்த வழியாலேயே பதர் போகட்டும். சேர்விஸ் ஸ்டேசன் குழாயைக் கிட்டப் பிடிக்க வேண்டாம், அந்த வேகத்தில் தகடுகள் படுத்துவிடும். படுத்த தகட்டை ஒவ்வொன்றாக நிமிர்த்த எனக்கு ஒரு முழுப் பகல் போனது, வெண்ணெய்க் கத்தியும் கையுமாக.

9 ஓகஸ்ட்

மடுவுக்கு ஆறு நாள். தம்பியின் வானில் இன்னும் தண்ணீர் குறைகிறது. வாட்டர் பம்பின் அடித்துளையில் ஒழுக்கு அடையாளம் இல்லை. ஹோஸ் கிளிப் எல்லாம் இறுக்கம். ரேடியேற்றரின் ஈய ஒட்டுகளில் பச்சைக் கறை இல்லை. எனக்கும் நித்திரை வரவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

கடைசி ஆபத்துக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட வேண்டும். ஆட்கள் திட்டுவார்கள், வேர்த்து ஊற்றும், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான், கொஞ்சச் சூட்டை அது வெளியே எடுக்கும். போட்டுப் பார்த்தாராம். குளிர்க் காற்றுத்தான் வருகிறது என்கிறார்.

குளக்கட்டில் காற்றெடுத்த அன்று ஹீட்டர் சூடாக வந்ததாம். பத்து நாளில் குளிர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் தண்ணீர் இல்லை, காற்று நிற்கிறது.

9 ஓகஸ்ட், இரவு

இவ்வளவு நாளும் எஞ்சினையே சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறோம். இது யப்பானிலிருந்து வந்த வான். அங்கே பனி கொட்டும், பின்னால் இருக்கிறவர்களுக்கும் ஹீட்டர் வேண்டும். அதற்காக எஞ்சினிலிருந்து இரண்டு இரும்புக் குழாய் வானின் அடியால் பின்னுக்குப் போகும். நம் ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? என் வானை வாங்கிய வருடமே அந்தப் பின் ஹீட்டரைக் கழற்றியிருந்தார்கள், அதனால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. தம்பி, பின் இருக்கையின் கீழே ஒரு பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

12 ஓகஸ்ட்

கண்டுபிடித்தாயிற்று!

நானே புதுக்குடியிருப்புக்குப் போனேன். வானைச் சேர்விஸ் ஸ்டேசனில் தூக்கி, அடியைக் கழுவி, காயவிட்டோம். கையால் அடிக்கிற அழுத்தப் பம்ப் ஒன்றை இரவல் வாங்கி, மூடிக்குப் பதில் அதைப் பூட்டி, 0.9 வரை ஏற்றினோம். எஞ்சின் ஓடவில்லை, எல்லாம் குளிர். பம்பிலுள்ள அழுத்த முள் மெல்ல மெல்ல இறங்கியது. நான் கீழே போய் ரோச் லைற்றோடு குழாய் வழியே கண்ணை ஓட்டினேன். நடுப் பகுதிக்குக் கொஞ்சம் பின்னால், குழாயைப் பிடிக்கிற தகட்டுப் பட்டிக்கு அடியில், கிரவல் சேறு கட்டி கட்டியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்குறூ ட்றைவரால் தட்டினேன். சேறு விழுந்தது, அதற்குப் பின்னால் துரு ஓடு, அதற்கு நடுவில் ஊசித் துளை. அதிலிருந்து தலைமயிர் அளவில் ஒரு நூல் தண்ணீர் நேராக என் கன்னத்தில் அடித்தது. கூலன்டின் இனிப்பு வாசம்.

நிறுத்தி வைத்தால் ஏன் ஒரு சொட்டும் இல்லை என்று இப்போது விளங்குகிறது. அழுத்தம் இருந்தால்தான் அது சீறும். ஓடும்போது சீறுகிறது, காற்றும் சூடும் உடனேயே உலர்த்திவிடுகிறது. ஆறும்போது சேறு அடைத்துவிடுகிறது, அதோடு அதே துளையால் காற்றையும் உள்ளே இழுத்திருக்கும்.

குழாயை மாற்றவில்லை. பின்னுக்குப் போகிற இரண்டு வாயையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒரு நல்ல ஹீட்டர் ஹோசால் ஒன்றோடொன்று இணைத்து, கிளிப் போட்டு இறுக்கினோம். முன் ஹீட்டர் அப்படியே வேலை செய்யும். இரண்டு அடி ஹோசும் நாலு கிளிப்பும். திரும்ப அழுத்தம் ஏற்றி இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றோம், முள் அசையவில்லை. குளக்கட்டுக்குப் போய்க் காற்றெடுத்தோம்.

தம்பியின் அம்மா மீன்குழம்பும் சோறும் போட்டுத்தான் அனுப்பினார்.

16 ஓகஸ்ட்

மடுவுக்குப் போய் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர், கூரையில் சமையல் சாமான். வவுனியாவால் போய், பறையனாலங்குளத்திலிருந்து மடுச் சந்தி வரை நல்ல வெயில், ஏசி போட்டபடி. முள் பாதிக்குக் கீழேயே நின்றதாம். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் தண்ணீர் வாய் வரை நிற்கிறது.

7 செப்டெம்பர்

லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வைத்திருக்கிற ஒருவர் கேட்கிறார்: நீங்கள் ஊற்றவே கூடாது என்கிறீர்கள், என் இயந்திரத்தில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் வற்றுகிறதே, அதுவும் ஒழுக்கா?

நல்ல கேள்வி. உங்களுடையது மேலே திறந்த தொட்டி உள்ள ஒற்றைச் சிலிண்டர் என்றால் அது ஒழுக்கில்லை. அந்த வகையில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதாலேயே எஞ்சின் குளிர்கிறது. அதில் வற்றத்தான் வேண்டும், ஊற்றத்தான் வேண்டும். மிதக்கிற குண்டு இறங்குவதைப் பார்த்து, இயந்திரத்தை விட்டுப் போகாமல் ஊற்றுங்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் வற்றுகிற தண்ணீர் தன் சுண்ணாம்பை உள்ளேயே விட்டுவிட்டுப் போகும், அதனால் உங்களுக்குத்தான் மழைத் தண்ணீர் அதிகம் தேவை. வாய்க்கால் தண்ணீர் என்றால் துணியால் வடித்து ஊற்றுங்கள். நான் எழுதியதெல்லாம் மூடி போட்டு அடைத்த ரேடியேற்றருக்கு. முதல் நாளே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ரேடியேற்றர் உள்ள லான்ட்மாஸ்டரும் உண்டு. அதில் வற்றினால் ஒழுக்கைத் தேடுங்கள்.

24 செப்டெம்பர்

உள்ளே கழுவுகிற மருந்து பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். பழைய ரேடியேற்றரில் கடுமையான மருந்து ஊற்ற எனக்கு மனமில்லை. சில இடங்களில் துருவும் சுண்ணாம்பும்தான் ஓட்டையை அடைத்து வைத்திருக்கும், கரைந்தால் பத்து இடத்தால் ஒழுகும். வடித்து, வெறும் வடித்த தண்ணீரால் நிரப்பி, சூடேறும்வரை ஓட்டி, ஆறவிட்டுத் திரும்ப வடியுங்கள். தெளிவாக வரும்வரை மூன்று நாலு தடவை. வடிக்கிற கூலன்டை வாளியில் பிடியுங்கள், நிலத்தில் விட வேண்டாம். அது இனிக்கும், நாயும் ஆடும் நக்கும், நக்கினால் நஞ்சு. மூடிய கலனில் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

29 ஒக்டோபர்

மழை தொடங்கிவிட்டது. தம்பி இன்று ஒரு படம் அனுப்பினார். ஓகஸ்ட் 12 அன்று பக்கத்துப் போத்தலில், குளிர்ந்த நேரத்துத் தண்ணீர் மட்டத்துக்கு நேரே, தங்கச்சியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு கீறிவிட்டிருந்தோம். பதினொரு கிழமைக்குப் பிறகும் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. வீட்டுக் கூரையின் பீலியில் ஒரு பீப்பாயும் வைத்திருக்கிறாராம், பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டருக்கு.